ஆர்மீனியரின் மற்போரும் சதுரங்கமும்

சென்னையில் வாழ்ந்து பின் பிற மாநிலங்களிற் குடியேறிய நேயர்கள் பலருக்கும் அரண்மனைக்காரன் தெரு நினைவிருக்கும். ஆர்மீனியன் என்ற பெயரே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. அங்கே 1772-ல் எழுந்த தேவாலயம் ஆர்மீனிய வணிகருடையது. வாணிகத்தாலும் பின்னர் 1915-ஆம் ஆண்டின் கொடுமைகளாலும் உலகெங்கும் சிதறிய அம்மக்கள், மொழியையும் சமயத்தையும் போலவே விளையாட்டையும் போற்றிக் காத்தனர். அவற்றுள் இரண்டினை இன்று காண்போம்.

முதலாவது, 'கோஹ்' எனப்படும் மற்போர். திருவிழா நாட்களில் ஊரார் வட்டமாகச் சூழ்ந்து நிற்பர். தவுல் முழங்கும், சுர்ணா ஒலிக்கும். நம் தவிலையும் நாகசுரத்தையும் நினைவூட்டும் கருவிகள் அவை. மல்லர் இருவரும் இசைக்கேற்ப ஆடிக்கொண்டே களம் புகுவர். எதிராளியைப் பற்றி முதுகு மண்ணிற் படும்படி வீழ்த்துபவன் வென்றவனாவான். இம்மரபு வீண்போகவில்லை. சுதந்திர ஆர்மீனியாவின் முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை 1996-ல் அட்லாண்டாவில் வென்றவர் ஆர்மென் நசார்யான் என்னும் மல்லரே.

இரண்டாவது சதுரங்கம். 1929-ல் திபிலீசி நகரில் ஆர்மீனியக் குடும்பமொன்றிற் பிறந்த திக்ரான் பெத்ரோசியான், இளமையிலேயே பெற்றோரை இழந்து, தெருக் கூட்டிப் பிழைத்தவர். அவரே 1963-ல் போத்வின்னிக்கை வென்று உலக வீரரானார். 1969 வரை அப்பட்டத்தைக் காத்தார். பாய்ந்து தாக்குவது அவர் இயல்பன்று. எதிரியின் எண்ணத்தை முன்னரே உணர்ந்து, வருமுன் காப்பதே அவர் திறம். அவ்வெற்றியின்பின் ஆர்மீனியாவில் சதுரங்கம் வீட்டுக்கு வீடு பரவியது. ஏறத்தாழ முப்பது லட்சம் மக்களே கொண்ட அந்நாடு, 2006, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் சதுரங்க ஒலிம்பியாடில் தங்கம் வென்றது. 2011 முதல் தொடக்கப் பள்ளிகளில் சதுரங்கம் கட்டாயப் பாடமுமாயிற்று. நாடு சிறிதாயினும் பெரிதாயினும் பலகையில் ஒரு பக்கத்திற்குப் பதினாறு காய்களே அல்லவா?

பழையதைக் காத்த இவர்கள் புதியதை வெறுத்தாரல்லர். கல்கத்தாவில் 1821-ல் நிறுவப்பெற்ற ஆர்மீனியக் கல்லூரியின் மாணவர், ஆங்கிலேயர் கொணர்ந்த ரக்பி ஆட்டத்தில் பெயர் பெற்றனர்.

பிறந்த மண்ணை விட்டு வாழும் நாமும் இதனைச் சிந்தித்தல் நலம். நம் பிள்ளைகள் வாழும் ஊரின் விளையாட்டைக் கற்கட்டும். அதனோடு சடுகுடுவையும் பல்லாங்குழியையும் நாம் கற்பிக்காவிடில், வேறு எவர் கற்பிப்பார்?