மூன்றாம் ஆண்டின் சோர்வு

தொழிலுக்கு மூலதனம் திரட்டும் வழிகளைப் பற்றி அறிவுரை கூறுவோர் பலர் உளர். சரக்கை விற்கும் முறைகளைச் சொல்லித் தருவோரும் உளர். தொடங்கிய தொழிலை மனம் தளராமல் நடத்திச் செல்வது எங்ஙனம் என்று பேசுவோர் சிலரே. சொந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் கடையோ, பட்டறையோ, சிற்றுண்டிச் சாலையோ வைத்து வாழும் தமிழ் நேயர்களுக்கு இது நெருக்கமான கேள்வி. ஆதலின் அதனையே இன்று எடுத்துக் கொள்கிறேன்.

முதலாம் ஆண்டில் ஊக்கத்திற்குக் குறைவிராது. பெயர்ப்பலகை புதிது, நண்பர்கள் வந்து வாழ்த்துகிறார்கள், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவரைப்பதும் விளையாட்டாகத் தோன்றும். சோதனை மூன்றாம் ஆண்டில் வருகிறது. தொழில் விழுந்தும் விடவில்லை, எழுந்தும் நிற்கவில்லை. வாடகை ஏறுகிறது. கடனுக்கு வாங்கியவர் எதிர்ச்சாரியில் நடக்கத் தொடங்குகிறார். பெருந்தொழில் நடத்தியோரின் வரலாறுகளைப் புரட்டினால், இத்தகைய ஆண்டுகள் எல்லாம் “பல இன்னல்களுக்குப் பிறகு” என்னும் ஒரு தொடருக்குள் அடங்கிவிடும். அத்தொடருக்குள் என்ன இருக்கிறது என்பதே நமக்கு வேண்டுவது.

1959-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பையில், கிர்காம் பகுதியிலுள்ள ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்மணிகள் அப்பளம் இடத் தொடங்கினார்கள். மூலதனம் 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டரிடம் பெற்ற கடன். அத்தொகையைக் கொண்டு அவர்கள் ஏற்றுக்கொண்டது, நஷ்டத்தில் நடந்து வந்த ஓர் அப்பளத் தொழில்! முதல் நாள் இட்டு முடித்தவை நான்கே கட்டுகள். அவற்றை அறிமுகமான வணிகர் ஒருவரிடம் விற்றார்கள்.

சில மாதங்களில் மழைக்காலம் வந்தது. மும்பை மழையை அங்கு வாழும் நேயர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. வெயில் இல்லையேல் அப்பளம் உலராது. நான்கு மாதங்கள் வேலை நின்று போயிற்று. கடன் வாங்கித் தொடங்கிய முதல் ஆண்டிலேயே நான்கு மாதம் சும்மா இருந்த கைகள் மீண்டும் அப்பளக் குழவியை எடுப்பது எளிதன்று. அவர்கள் எடுத்தார்கள். மறு ஆண்டு மழைக்கு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். மழை வந்தால் என் செய்வோம் என்ற ஏக்கத்திற்கு ஒரு கட்டிலின் விலையில் விடை கிடைத்தது. நம்முடைய சோர்வுகளிலும் பல இத்தன்மையனவே. “மனமே சரியில்லை” என்று சொல்லிக் கொள்கிறோம். துருவிப் பார்த்தால், அடிக்கடி பழுதாகும் ஓர் இயந்திரமோ, வாரந்தோறும் காலந்தாழ்த்தும் ஒரு சரக்குக்காரரோ அதன் அடியில் இருப்பார். அந்த இடர் நீங்கினால் மனமும் தானே தெளியும்.

தொடக்கத்தில் அப்பெண்மணிகள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்து, மட்டமானதை மலிவாக விற்க எண்ணினார்கள். பாரேக் அதனைத் தடுத்தார். ஒரே தரம் போதும், அதில் என்றும் குறைவு கூடாது என்றார். இதனைத் தருமமாகக் கருதாமல் வாணிகமாகக் கருதி ஒழுங்காகக் கணக்கு வைக்குமாறும் வற்புறுத்தினார். நஷ்டமே வந்தாலும் பிறரிடம் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர்கள் தாமே செய்துகொண்ட முடிவு. 1962-இல் தங்கள் சரக்கிற்கு ‘லிஜ்ஜத்’ என்று பெயரிட்டார்கள். சுவை என்பது அச்சொல்லின் பொருள். இன்று அவ்வமைப்பில் 40,000-க்கு மேற்பட்ட பெண்கள் உறுப்பினராக உள்ளனர். அந்த எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

என் கருத்தை மிகுதியும் கவர்ந்தது விருதன்று. அங்கு நடைபெறும் அன்றாட ஏற்பாடு. காலையில் உறுப்பினர்கள் பிசைந்த மாவை வாங்கிச் செல்கிறார்கள். வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் காலை கொண்டு வந்து கொடுக்கிறார்கள். கொடுத்த கையோடு கூலி கிடைக்கிறது. நேற்றைய உழைப்பு இன்றே கண்ணுக்குத் தெரிந்து விடுகிறது. மனிதனுடைய உற்சாகம் நெடுந்தொலைவு பட்டினியாக நடக்க வல்லதன்று. இடையிடையே அதற்கு உணவு வேண்டும். “ஐந்தாண்டில் பெரிய கடை” என்னும் எண்ணம் அதற்குப் போதாது. இன்று இத்தனை தோசை, இத்தனை தைத்த சட்டை, இத்தனை வசூல் என்று அன்றன்று எழுதி முடிக்கும் ஏடு போதும்.

நம்மவர் கடைகளில் பெரும்பாலும் காணும் குறை ஒன்றுண்டு. வேலையாட்களுக்குக் கூலி குறித்திருக்கும். முதலாளிக்கு மட்டும் கூலி இல்லை! வேண்டும்போது கல்லாவில் கை வைப்பார். மாத முடிவில் பணமில்லை என்றால், கடை தின்றதா, குடும்பம் தின்றதா என்று அவருக்கே விளங்காது. விளங்காத நஷ்டத்தைப் போல மனத்தை அரிப்பது பிறிதில்லை. தமக்கும் ஒரு மாதக் கூலியை வரையறுத்துக் கொண்டவருக்கு, கடையின் நிலை தனியே தெரியும். கூலியும் எடுத்து வாடகையும் கொடுத்துச் சிறிது எஞ்சுமானால், சோர்வுக்கு வேண்டுவது ஒரு வார ஓய்வே. ஆண்டுக்கணக்கில் எஞ்சவில்லையானால், அது உற்சாகத்தால் தீரும் நோயன்று. ‘விடாமுயற்சி’ என்னும் சொல்லை அங்கே கொண்டு வந்து நகையை அடகு வைப்பவரைக் கண்டால் எனக்கு அச்சமாயிருக்கிறது. மேற்சொன்ன பெண்களும் 1961-இல் மலாடில் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். அது வெற்றி பெறவில்லை. தாய்ச் சங்கமோ தொடர்ந்து நடந்தது.

வெளி மாநிலத் தமிழருக்கு மற்றொரு பாரமும் உண்டு. ஊருக்குப் போனால், “அண்ணன் பம்பாயில் கடை வைத்திருக்கிறார், தில்லியில் தொழில் செய்கிறார்” என்ற பேச்சு முன்னே நிற்கும். அப்பேச்சுக்கு ஈடு கொடுக்கத் திருவிழாவிற்குப் பட்டும், மருமகப்பிள்ளைக்கு மோதிரமும் வாங்கிச் செல்கிறோம். கடையில் சரக்கு வாங்க வேண்டிய பணம் அது. பணம் போவதைக் காட்டிலும், நலமென்றே எப்போதும் சொல்லிக் கொண்டிருப்பதால் ஏற்படும் களைப்பு பெரிது. உண்மை நிலையைச் சொல்ல ஒருவராவது வேண்டும். மனைவியாக இருக்கலாம், அண்டைக் கடைக்காரராக இருக்கலாம். அவர் மராத்தியரோ பஞ்சாபியரோ ஆயினும் வாடகையும் வட்டியும் அவருக்கும் விளங்கும் மொழியே. தாராவிச் சந்துகளில் கவிழ்த்த கூடைகளின் மேல் அப்பளம் உலர்த்தும் நம் பெண்கள், வேலையோடு வேலையாக வீட்டுச் செலவையும் கடனையும் ஒருவரோடொருவர் பேசிக் கொள்கிறார்கள். கடை வைத்த ஆண்மக்கள் இரவு பத்து மணிக்குக் கதவை இழுத்து மூடிவிட்டுத் தனியே வீடு திரும்புகிறார்கள். தமிழ்ச் சங்கங்களில் பட்டிமன்றத்துக்கும் இசை விழாவுக்கும் நாள் ஒதுக்குகிறோம். மாதத்தில் ஒரு மாலை, சிறு தொழில் நடத்துவோர் தத்தம் கணக்கேட்டுடன் வந்து அமர்வதற்கும் அங்கே ஓர் அறை திறந்திருக்கலாம்.