நம் தலைக்கு நாமே பின்னுவோம்

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு தொப்பியும் மஃப்ளரும் பின்னுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக பைக்கில் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, காதையும் கழுத்தையும் சும்மா விடாது. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டாமல் போவதில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ராணுவத்தில் வடக்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் நர்ஸ் வேலைக்கு லண்டனுக்கும் கனடாவுக்கும் போயிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கடையில் வாங்கி அனுப்புகிறோம். பின்னுகிற கை நம் வீட்டிலேயே இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

இந்த மண்ணில் லேஸ் வேலைக்கு வயது இருநூறு ஆண்டு. 1819இல் லண்டன் மிஷன் ஊழியத்துக்காக நாகர்கோவில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் இங்கே பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். கெட்டியான தலையணையில் மாதிரித்தாளை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. விற்ற காசு பள்ளிக்கும் பயன்பட்டது, பின்னியவர்களுக்கும் பயன்பட்டது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தில் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நூலின் மதிப்பு புரியும். பிறகு 1897இல் பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர் முளகுமூட்டுக்கு வந்தார். அங்கிருந்த கன்னியர் மடத்தின் லேஸும் எம்பிராய்டரியும் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

எனக்கு ஒரு குறை உண்டு. இத்தனை காலமும் நம் பெண்கள் பின்னியது பெரும்பாலும் அடுத்தவர் மேசைக்கு, அடுத்தவர் உடைக்கு. டிசைனும் அவர்கள் கொடுத்ததுதான். நம் தலையை அளந்து, நம் வெயிலையும் மழையையும் யோசித்து, டிசைனை நாமே போடுவது குறைவு. அதைத் தொடங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டிசைன் என்றதும் பயப்பட வேண்டாம். தொப்பிக்கு வேண்டியது ஓர் அளவு நாடாவும் கொஞ்சம் வகுத்தல் கணக்கும்தான். முதலில் நூல். கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஆட்டு ரோமம் அல்ல. வடக்கே குளிருக்கு அனுப்புவதற்கு அது சரி. நம் ஊரில் போட்டால் வியர்த்துக் கொட்டும். இங்கே பருத்தி நூல்தான் நல்லது. அடுத்து ஊசி. நம் கடைகளில் பழைய நம்பர் முறை இன்னும் இருக்கிறது. அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர், பன்னிரண்டாம் நம்பர் 2.75. தொப்பிக்குக் கனமான நூலும் எட்டாம் நம்பர் ஊசியும் போதும்.

இனி, பலர் தாண்டிப் போகிற இடத்துக்கு வருகிறேன். நேராகத் தொப்பியைத் தொடங்கக் கூடாது. முப்பது கண்ணி போட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதைத் துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் பருத்தி ஏமாற்றிவிடும். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணிக்கை அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. லேஸ் பின்னிப் பழகிய பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி சொல்வாள், "நூலப் பிடிச்சு இழுக்காத மக்ளே, அது தன்னால வரட்டு" என்று. கை சீராக வருவதற்கு அதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

உங்கள் மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்தது என்று வையுங்கள். தலைச்சுற்று 55 சென்டிமீட்டர். தொப்பி தலையைப் பிடித்து நிற்க அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கம்பளி நன்றாக இழுபடும், ஐந்து சென்டிமீட்டர்கூடக் குறைக்கலாம். பருத்திக்கு அந்த இழுவை இல்லை, மூன்று போதும். ஆக 52 சென்டிமீட்டர், 104 கண்ணி. கண்ணி போட்டு வட்டமாகச் சேர்த்து, விளிம்பில் இரண்டு நிட், இரண்டு பர்ல் (நேர்க் கண்ணி, எதிர்க் கண்ணி) என்று நான்கு சென்டிமீட்டர் பின்னினால் விளிம்பு சுருங்கி விரிந்து கொடுக்கும். 104 நான்கால் வகுபடுவதால் இந்த வரிசை பிசகாது. பிறகு மேலே நேராகப் பின்னி, மொத்த உயரம் 13 சென்டிமீட்டர் வந்ததும் உச்சியைக் குறைக்கத் தொடங்குங்கள். 104ஐ எட்டுப் பங்காக்கினால் பங்குக்குப் பதின்மூன்று. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், ஒவ்வொரு பங்கிலும் இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னினால் சுற்றுக்கு எட்டுக் குறையும். பன்னிரண்டு முறை குறைத்தால் எட்டுக் கண்ணி மிஞ்சும். அதில் நூலைக் கோத்து இழுத்துக் கட்டிவிட்டால் தொப்பி முடிந்தது. உச்சியில் எட்டு வரிகள் பூப்போல விரிந்து நிற்கும்.

இடையில் ஓட்டை வேலை, இலை வேலை எதுவும் செய்யலாம். உங்கள் டிசைன் ஆறு கண்ணிக்கு ஒருமுறை திரும்பி வருமானால் 104 சரிவராது. 108 ஆக்கிக்கொள்ளுங்கள், உச்சிப் பங்கையும் ஆறாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கழுத்துக்கு வருவோம். பைக்கில் போகிறவர்கள் நீள மஃப்ளர் போடுவது ஆபத்து. தொங்கும் முனை சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே மோசம். முனை இல்லாமல் வளையமாகப் பின்னிய மஃப்ளர்தான் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஏற்றது. ஹெல்மெட் போடுமுன் தலைவழி இறக்கிக்கொள்ளலாம். சுற்று 60 சென்டிமீட்டர், உயரம் 22. கண்ணி போட்டு வட்டமாகச் சேர்க்கும்போது திருகிக்கொள்ளாமல் பாருங்கள். திருகினால் கடைசிவரை திருகல்தான். காற்று அறைகிற முன்பக்கத்தை நெருக்கமாகவும் பிடரிப் பக்கத்தை ஓட்டை வேலையாகவும் பின்னினால் வியர்க்காது.

பச்சைக் குழந்தைத் தொப்பிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். பருத்தியில், நெருக்கமாக, பொத்தானும் குஞ்சலமும் இல்லாமல் பின்னுங்கள். பிறந்த உடனேயும் எடை குறைந்த குழந்தைக்கும் தலையை மூடச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் நம் ஊர் வெக்கையில் வீட்டுக்குள் தூங்குகிற குழந்தைக்குத் தொப்பி வேண்டாம். உடம்பு சூடாகிவிடும்.

விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஆந்திராவில் நர்சாபூர் பெண்களின் குரோஷா லேஸ் வேலையைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். நாள் முழுவதும் பின்னிய பெண்களை, ஓய்வு நேரத்தில் பின்னும் குடும்பப் பெண்கள் என்று சொல்லியே மிகக் குறைந்த கூலி கொடுத்தார்கள் என்று அவர் காட்டினார். ஆகவே நூல் விலையை மட்டும் கணக்கிடாதீர்கள். எத்தனை மணி நேரம் பின்னினீர்கள் என்று எழுதிவைத்து, அதற்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

உங்கள் தெருவில் லேஸ் பின்னத் தெரிந்த ஒரு பாட்டியோ அத்தையோ இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நூல்கண்டும் எட்டாம் நம்பர் ஊசியும் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மகளை மட்டுமல்ல, மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அந்த முப்பது கண்ணி மாதிரித் துண்டைப் போடுங்கள்.