என் பிழையால்



திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு 'என் பாவமே' என்று மும்முறை சொல்கிறோம். இலத்தீனில் இது 'மெயா குல்பா'. 'மெயா' என்றால் என்னுடைய. 'குல்பா' என்றால் குற்றம், பிழை. ஆனால் ஈற்றில் உள்ள அகரம் குறிலானால் 'குற்றம்', நெடிலானால் 'குற்றத்தால்'. இந்த மன்றாட்டில் இருப்பது நெடில். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஆக, நாம் சொல்வது, "பாவம் செய்தேன், என் பிழையால்" என்பதே.

இந்த 'ஆல்' நமக்குக் கசக்கும். வீட்டில் நாம் சொல்லும் 'ஆல்' வேறு. அவர் அப்படிப் பேசியதால் கோபப்பட்டேன். மருமகள் மதிக்காததால் பேச்சை நிறுத்தினேன். சம்பளம் போதாததால் லஞ்சம் வாங்கினேன். இவையெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. மருமகள் உண்மையிலேயே மதிக்காமல் இருந்திருக்கலாம். அவர் பிழையை அவர் அறிக்கையிடட்டும். நம் மன்றாட்டில் அதற்கு இடமில்லை. மேலும், இதைக் கடவுளிடம் மட்டுமல்ல, அருகில் நிற்கும் சகோதர சகோதரிகளிடமும் சொல்கிறோம். அதே வரிசையில் மருமகளும் நிற்கலாம்.

மார்பில் தட்டும் வழக்கம் பழையது. லூக்கா 18இல் வரிதண்டுபவர் அப்படித்தான் மன்றாடினார். ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனார் தம் மறையுரை ஒன்றில் ஒரு செய்தி சொல்கிறார். வாசகர் 'கொன்ஃபித்தெயோர்' என்று வாசித்த உடனே மக்கள் மார்பில் தட்டிக்கொண்டார்களாம். வாசிக்கப்பட்டதோ மத்தேயு 11:25, இயேசு தந்தையைப் போற்றும் பகுதி! அச்சொல்லுக்கு அறிக்கையிடுதல், போற்றுதல் என இரு பொருள் உண்டு; இயேசுவிடம் அறிக்கையிடப் பாவம் ஏது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. அவசரக்கார மக்கள்தாம். ஆனாலும் யாருடைய கையும் அடுத்தவர் மார்புக்குப் போகவில்லை.

1570ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் இந்த மும்முறைச் சொல் நிலைபெற்றது.

2000ஆம் ஆண்டு மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தூய பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் செய்த பிழைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். உண்மையைக் காப்பதாகச் சொல்லிச் செய்த வன்முறை, யூத மக்களுக்கு எதிரான பாவங்கள், பெண்களின் மாண்பைப் புண்படுத்தியது எனப் பலவும் அறிக்கையிடப்பட்டன. இந்த முயற்சி குறித்துச் சில கர்தினால்களுக்கே தயக்கம் இருந்தது. பிறர் நமக்குச் செய்த கொடுமைகளை மன்னிப்பதாகவும் அவர் சொன்னார். ஆனால் அறிக்கையிட்டது நம் பிழைகளை மட்டுமே. இறுதியில் அந்த முதிய திருத்தந்தை பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டார்.