சபையார் நாவில் புதுப்பாட்டு



இன்றைய உரையின் தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், “மொழி மன்றத்தில் தேவாலயப் பாட்டுக்கு என்ன வேலை?” என்று வினவினார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாமலே வளர்ந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது பேச்சுத்தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒன்று. செய்யுள் நடையிலான தமிழைத் தம் வாயால் உச்சரிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வாரத்தில் எங்கே கிடைக்கிறது? இந்துப் பிள்ளைக்குத் தேவார வகுப்பில் கிடைக்கலாம். கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஞாயிறு ஆராதனையில் கிடைக்கிறது. மொழியியல் படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறு எது?

இவ்வுரைக்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு சிறு வழக்கு. இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத ஒரு சபையில், தோட்டத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் சொந்தமாக ஒரு துதிப்பாடல் எழுதி, கிட்டாரை மீட்டிச் சபையார் முன் பாடினார். பாடல் முடிந்ததும் முதியவர் ஒருவர் எழுந்து, “தேவனை ‘நீங்க’ என்று அழைப்பதா? இது பாட்டா, கடைத்தெருப் பேச்சா?” என்று கேட்டுவிட்டார். இளைஞர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சில நாள் கழித்து இரு தரப்பாரும், தனித்தனியே, என்னிடம் தீர்ப்புக் கேட்டு வந்தனர். நான் உடனே விடை சொல்லவில்லை. எனக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வந்தது.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கியபின் உருவான சீர்திருத்தச் சபைகளில், தொடக்கத்தில் தமிழ் மக்கள் பாடியவை பெரும்பாலும் ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளே. மெட்டும் ஜெர்மானிய மெட்டே. 1740இல் வந்து 1791இல் மறைந்த பப்ரிசியஸ் இம்முயற்சியில் பெரும் உழைப்பைச் செலுத்தியவர். தமிழ் ஆங்கில அகராதி ஒன்றை 1779இல் வெளியிட்டவரும் அவரே. அவருடைய தமிழறிவில் குறை காண்பது என் நோக்கமன்று. இடர்ப்பாடு மெட்டில் இருந்தது. ஜெர்மானிய மொழியில் சொல்லின் ஓர் அசை அழுத்தம் பெறும். மெட்டின் ஓங்கிய இடம் அந்த அசையின்மேல் விழும். தமிழில் சொற்பொருளை வேறுபடுத்துவது அழுத்தமன்று, மாத்திரை. ‘வரம்’ என்பதன் முதல் அசையை நீண்ட சுரத்தின்மேல் ஏற்றினால் பாடுபவர் வாயில் அது ‘வாரம்’ ஆகிவிடும். ‘மனம்’ மானமாகும், ‘பலம்’ பாலமாகும். வரம் வேண்டிப் பாடுகிறவர் வாரம் வேண்டிப் பாடுவார்!

இசைக்காக எழுத்தை நீட்டும் வழி தமிழில் இல்லையா என்று இலக்கணம் கற்றோர் கேட்கலாம். உண்டு. அளபெடை என்ற பெயரில் தொல்காப்பியர் காலந்தொட்டே உண்டு. ஆனால் நீளுவது, பெரும்பாலும், ஏற்கெனவே நெடிலாக இருக்கும் எழுத்து. இன்னிசைக்காகக் குறில் நெடிலாகி அளபெடுப்பதும் உண்டு. அது பொருள் மாறாத இடத்தில் நிகழும். ஓசைக்காகச் சொல்லைப் பலியிடும் உரிமையை நம் இலக்கணம் எவருக்கும் வழங்கவில்லை.

இச்சூழலில் தோன்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவனாகவே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோசியும் அதே சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவர். (இவரையும் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையையும் ஒருவரெனக் கருதி எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன். பிள்ளை 1826இல் பிறந்த கத்தோலிக்கர். ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’ பாடியவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர்.) சாஸ்திரியார் செய்த புதுமை, தம்மைச் சுற்றி மக்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த வடிவங்களில் கிறிஸ்தவச் செய்தியை வைத்ததுதான். குறவஞ்சியை எடுத்தார்; ‘பெத்லகேம் குறவஞ்சி’ பிறந்தது. நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு, கும்மி எல்லாம் அவர் கையில் ஞானப்பொருள் பெற்றன. ஏற்றம் இறைப்பவன் நீரை எண்ணிப் பாடும் பாட்டில் வேதத்தைப் பாடலாம் என்று எண்ணத் துணிவு வேண்டும்.

அத்துணிவுக்கு விலையும் இருந்தது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் பழைய வேதமொழிபெயர்ப்பைத் திருத்தினர். தமிழ்ச் சங்கீதத்தை ஆலயத்தினின்று விலக்க முயன்றனர். சாதிவேறுபாடு பாராமல் அனைவரும் ஒன்றாக நற்கருணை பெறவேண்டும் என்றனர். சாஸ்திரியார் மூன்றையும் எதிர்த்தார். இங்கே நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பாட்டுக்காகவும் பழகிய சொல்லுக்காகவும் போராடிய அதே மனிதர், சாதிப் பிரிவினையைக் காக்கவும் எழுதினார். 1829இல் அவர் எழுதிய நூலொன்று சாதியைத் திருத்துவதே பைத்தியம் என்று வாதிடுகிறது. அவரைப் போற்றும் நூல்கள் பல இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. ‘எங்கள் வழக்கம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பாட்டும் இருந்தது, பந்தி வேறுபாடும் இருந்தது. அவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் பிரித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

அடுத்து நிகழ்ந்ததே வியப்பு. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், முதுமையடைந்திருந்த சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிப் பெற்று, 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தொகுப்பொன்றை அச்சிட்டார். ஆலயத்துக்கு ஆகாதென ஒதுக்கப்பட்ட இசை, கால் நூற்றாண்டுக்குள் ஆலயப் புத்தகமாயிற்று. சாஸ்திரியார் அதைக் கண்ணால் கண்டார். அவர் மறைந்தது 1864இல். இன்றும் தமிழ்ச் சபைகளில் பாமாலை ஒரு பகுதியாகவும் கீர்த்தனை மற்றொரு பகுதியாகவும் பாட்டுப் புத்தகம் இரு பிரிவாக இருப்பது இவ்வரலாற்றின் தழும்பு என்பேன்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பெட்டிக்குள் கொண்டுவந்த சில நூல்களுள் இப்புத்தகமும் ஒன்று. ஆனால் படிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவரோ இருவரோ. அவர் ஓரடி பாட, மற்றவர் திருப்பிப் பாட, அப்படித்தான் பாட்டு பரவிற்று. கீர்த்தனை இதற்கென்றே செய்யப்பட்டது போன்றது. பல்லவி மீண்டும் மீண்டும் வரும். அடிதோறும் எதுகை, அடுத்த அடியின் தொடக்கத்தை நினைவூட்டும். எழுத்தறியாத பெண் முப்பது கீர்த்தனைகளை மனத்தில் வைத்திருந்தாள் என்றால், பாதிப் பெருமை அவள் நினைவாற்றலுக்கும் மறுபாதி எதுகைக்கும் உரியது. மெட்டுக்கு மாற்றப்பட்ட பாமாலையில் எதுகை இராது. ஆகவே அதற்குப் புத்தகம் வேண்டும்.

தோட்டத்தார் கற்றதைப் பாடியதோடு நிற்கவில்லை. தாமே கட்டவும் செய்தார்கள். என் இளமையில் லயத்துச் ஜெபக்கூட்டமொன்றில் ஒரு மூதாட்டி பாடக் கேட்டேன். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து நிற்பதையும், பால் வாளியின் சுமையையும், மழை வந்து மங்கில் பால் கெட்டுப்போவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஆண்டவர் பெயரை வைத்தார். தெம்மாங்கு மெட்டு. ஓய்வுபெற்ற மொழியியலாளன் என்ற முறையில் நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியது: அதை நான் எழுதிவைக்கவில்லை. அன்று அது எனக்கு ‘இலக்கியமாக’த் தோன்றவில்லை. ‘பெரட்டு’ என்ற சொல் துதிப்பாடலில் எப்படி அமர்ந்திருந்தது என்பதை இன்று காட்ட என்னிடம் சான்று இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் பிற இடங்களுக்கும் பிரிந்தபோது, அத்தகைய பாட்டுகளைத் தாங்கிய கூட்டம் கலைந்தது. கூட்டம் கலைந்தால் வாய்மொழிப் பாட்டு நிற்பதில்லை.

கத்தோலிக்கர் கதை சற்று வேறு. அருகிலுள்ள சிலிபின் லூர்து மாதா ஆலயம் உங்களுக்குத் தெரியும். முன்பு பூசை இலத்தீனில் நடந்தது; தமிழ்ப் பாட்டுக்குத் தேர்பவனியும் நவநாளும் இடமாயின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழிக்கு வழி திறந்தபின்பே தமிழ் பூசைக்குள் முழுமையாக நுழைந்தது.

இனி, சொல்லுக்கு வருவோம். பப்ரிசியஸ் கடவுளைக் குறிக்கப் ‘பராபரன்’ என்றார். 1871இல் வந்த திருத்தப்பெற்ற வேதாகமம் ‘தேவன்’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சர்வேசுரன்’ என்றனர். வேதத்தில் சொல் மாறினாலும் பாட்டில் எளிதில் மாறுவதில்லை, எதுகை விடாது. அதனால் ஒரே ஆராதனையில் வாசகர் ‘கடவுள்’ என்று வாசிக்க, பாடகர் ‘பராபரன்’ என்று பாட, போதகர் ‘கர்த்தர்’ என்று செபிப்பதைக் கேட்கலாம். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுச் சொல்வரலாறு ஒன்றரை மணி நேரத்தில் காதில் விழுகிறது! எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு மலிவாக அதைக் கற்பிக்க இயலாது.

‘நீ, நீர், நீங்கள்’ என்ற வரிசையையும் இப்படியே பார்க்கவேண்டும். நாயன்மாரும் ஆழ்வாரும் இறைவனை ‘நீ’ என்றே பெரிதும் அழைத்தனர். நெருக்கம் அங்கே மரியாதையை வென்றது. கிறிஸ்தவத் தமிழ் ‘நீர்’ என்பதைத் தேர்ந்துகொண்டது. அக்காலத்தில் அது உயிருள்ள பேச்சுவழக்கு. நடுத்தர மரியாதை, அந்நியமும் அன்று. இன்று யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியின் சில பகுதிகளிலும் அது பேச்சில் எஞ்சியிருக்கிறது. மலேசியாவில் நம் பேச்சில் அது இல்லை. புந்தோங்குப் பிள்ளை ‘நீர்’ என்ற சொல்லைக் கேட்பது இரண்டு இடங்களில்: தண்ணீரைக் குறிக்கும் பாடப்புத்தகத்தில், கடவுளை அழைக்கும் ஆலயத்தில். ஆகவே முதியவருக்கு ‘நீர்’ என்பது தாத்தாவின் குரல். இளைஞருக்கு அது மனிதர் எவரோடும் பேசாத மொழி. அவர் தம் அப்பாவை எப்படி அழைக்கிறார் என்று கேட்டேன். ‘நீங்க’ என்றார். பரமதந்தையையும் அவ்வாறே அழைத்திருக்கிறார். அவர் செய்தது அவமரியாதை அன்று. மரியாதைச் சொல்லின் புழக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆயின் நான் இளைஞர் பக்கமே நின்றேன் என்று எண்ணவேண்டாம். அவர் தாளை வாங்கிப் பார்த்தேன். பாட்டு முழுவதும் உரோமன் எழுத்தில் இருந்தது. நம் சபைகள் பலவற்றில் இன்று திரையில் ஒளிர்வதும் அவ்வெழுத்தே. அதில் ‘வழி’, ‘வலி’, ‘வளி’ மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். “நீங்கதான் என் வழி” என்று அவர் எண்ணியதை முன்வரிசையினர் ‘வலி’ என்று பாடினர். இதுதான் எனக்குப் பெரும் குறையாகத் தோன்றிற்று. முதியவரோ இதைக் கவனிக்கவே இல்லை. தமிழகத்திலிருந்து ஒலிநாடாவாக வந்து இங்கே நிலைத்த பாடல்கள் உண்டு. பெர்க்மான்ஸ் அடிகளின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பாடாத சபை அரிது. அவற்றையாவது கேட்டுத் திருத்திக்கொள்ளலாம், ஒலிநாடா சாட்சி. சொந்தப் பாடலுக்கு எழுதியவரின் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. தாளே குழப்பினால் பாட்டு பிறந்த அன்றே திரியத் தொடங்கும்.

தாளில் பெயரும் இல்லை. கேட்டேன். “தேவனுக்குக் கொடுத்த பாட்டில் என் பெயர் எதற்கு ஐயா?” என்றார். பணிவு நல்லதுதான். ஆனால் சாஸ்திரியார் தம் பெயரைப் பாட்டுக்குள்ளேயே முத்திரையாக வைத்தார். ‘வேதநாயகன்’ எனும்போது பாடியவரும் அவரே, வேதத்தின் நாயகனும் அவனே. பெருமையும் பணிவும் ஒரு சொல்லில். பெயரும் ஆண்டும் ஊரும் குறிக்கப்படாததால் எத்தனை தோட்டப் பாட்டுகள் ‘பழைய பாட்டு’ என்ற குவியலில் கலந்தன என்று எவரும் அறியார்.

பிறகு மூவரும் ஒரு மாலை அமர்ந்தோம். தமிழ் எழுத்தில் பாட்டை மீண்டும் எழுதினோம். ‘வரம்’ நீண்ட சுரத்தில் விழுந்த இடத்தில் சொல்லை இடம்மாற்றி ‘தாரும்’ அங்கே வரும்படி செய்தோம். அது நெடில், எவ்வளவு நீட்டினாலும் பொருள் கெடாது. தாளின் அடியில் பெயரையும், புந்தோங் என்ற ஊரையும், ஆண்டையும் எழுதச் சொன்னேன். ‘நீங்க’ மட்டும் தீரவில்லை. நானும் தீர்க்க முயலவில்லை. இரண்டு ஞாயிறு கழித்துச் சபையார் அதைப் பாடினர். நான் பின்வரிசையில், முதியவருக்கு அருகில் இருந்தேன். முதல் இருமுறை அவ்விடம் வந்தபோது அவர் வாய் மூடிக்கொண்டார். மூன்றாம் முறை பாடினார். எல்லாரும் ‘நீங்க’ என்று ஈரசையில் பாட, அவர் ‘நீர்’ என்ற ஓரசையை அந்த இரண்டு அசையின் நீளத்துக்கும் இழுத்தார்: ‘நீஇர்’. இலக்கணப்படி முற்றிலும் சரியான அளபெடை, தாளமும் தப்பவில்லை.