மன்னிப்பும் தண்டனையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு. ஒரிசாவில் மனோகர்பூர் கிராமம். வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களும் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் தொண்டு செய்தவர் அவர். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக மனைவி கிளாடிஸ் அம்மையார் சொன்னபோது நாடே வியந்தது.

ஆனால் வழக்கை விட்டுவிடுங்கள் என்று அந்த அம்மா கேட்கவில்லை. மன்னிப்பு வேறு, சட்டம் தருகிற தண்டனை வேறு என்பதே அவர் நிலை. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. அம்மையாரோ 2004 வரை இங்கேயே தங்கி அதே நோயாளிகளைக் கவனித்தார்.

வேதத்திலும் இரண்டும் உண்டு. கணக்குப் பார்க்காமல் மன்னிக்கச் சொன்னார் இயேசு. தீமை செய்பவனைத் தண்டிக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று ரோமருக்கு எழுதினார் பவுல். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்ததும் சகேயு என்ன செய்தான்? அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். மரண தண்டனையில் மட்டும் சபைகளுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2018இல் அதை ஏற்கவே முடியாது என்று அறிவித்தது.

இதை இங்கே ஏன் சொல்றேன்? வேறோர் ஊரில் நான் விடுதிக் காப்பாளராக இருந்தபோது, முதலாண்டுப் பையன் ஒருவனைச் சீனியர்கள் அடித்ததில் செவிப்பறை கிழிந்துவிட்டது. "மன்னிச்சிடுப்பா, நாம கிறிஸ்தவங்க இல்லையா?" என்றேன். விஷயம் வெளியே போகவில்லை. அவன் படிப்பைப் பாதியில் விட்டான். அடித்தவர்கள் பட்டம் வாங்கினார்கள். மன்னிப்பு என்ற பெயரில் நான் அவனிடம் கேட்டது மௌனத்தைத்தான். மன்னிக்கிற உரிமை அடிபட்டவனுக்கு உரியது; அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

மாணவர்களே, அடிபட்ட நண்பன் உங்களிடம் வந்தால் முதலில் அவனோடு முதல்வர் அறைக்குப் போங்கள். 1997 முதலே ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மன்னிப்பதா என்பதை அவன் பிறகு, அவன் நேரத்தில் முடிவு செய்யட்டும்.