மேரி ஆற்றங்கரையில் எழுதி வச்ச கணக்கு

(சுற்றுச்சூழல் அணியும் தகவல் தொழில்நுட்ப அணியும் இணைந்து நடத்திய மாவட்டப் பயிலரங்கில், ஐ.டி. விங் தன்னார்வலர் பேசிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆறும் நாமும்'. இந்தத் தலைப்புல யார் பேசினாலும் மணல், சாயக்கழிவு, ஆக்கிரமிப்புன்னு நமக்குத் தெரிஞ்ச பட்டியல் வரும். அது எல்லாம் உண்மைதான். ஆனா நான் இன்னைக்கு ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஒரு ஆற்றைப் பத்திப் பேசப் போறேன். ஏன்னா அங்கே மக்கள் ஜெயிச்சாங்க. அவங்க எப்படி ஜெயிச்சாங்கன்னு பார்த்தா, நமக்கு நாளைக்கே ஆரம்பிக்க வேண்டிய ஒரு வேலை இருக்குன்னு புரியும்.

ஆற்றின் பெயர் மேரி. குயின்ஸ்லாந்து மாநிலம், தலைநகர் பிரிஸ்பேனுக்கு வடக்கே ஓடுது. சுமார் 300 கிலோமீட்டர் நீளம். கரை முழுக்க பால் மாடு வச்சிருக்கிறவங்க, விவசாயிகள், சின்னச் சின்ன ஊர்கள்.

அந்த ஆத்துல ஒரு ஆமை இருக்கு. மேரி ஆற்று ஆமை. உலகத்துல வேற எந்த ஆத்துலயும் கிடையாது. 2018-ல ஒரு போட்டோ வைரல் ஆச்சே, தலையில பச்சைப் பாசி வளர்ந்து முடி மாதிரி நிக்குமே, அந்த ஆமைதான். அன்னைக்கு நாம எல்லாரும் அதை வச்சு மீம் போட்டோம். அந்த ஆமைக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு.

1960-கள், 70-கள்ல இந்த ஆமைக்குஞ்சுகளை ஆயிரக்கணக்குல ஆஸ்திரேலியாவின் செல்லப்பிராணிக் கடைகள்ல வித்தாங்க. கரையில முட்டையைத் தோண்டி எடுத்து, பொரிக்க வச்சு, கடைக்கு அனுப்பிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, அது என்ன இனம், எந்த ஆத்துல இருந்து வருதுன்னு விஞ்ஞானிகளுக்கே தெரியாது. ஜான் கேன் என்ற ஆமை ஆய்வாளர் பல வருஷம் தேடி அலைஞ்சு, கடைசியில மேரி ஆத்துல கண்டுபிடிச்சார். அதுக்கு அறிவியல் பெயர் வச்சது 1994-ல. அதாவது, பெயர் வைக்கிறதுக்கு முன்னாடியே பல தலைமுறை முட்டைகளை வித்துத் தீர்த்தாச்சு.

இந்த ஆமையைப் பத்தி ரெண்டு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

முதல் விஷயம், இது மூக்கால மட்டும் மூச்சு விடறது இல்ல. வால் பக்கம் இருக்கிற துளை வழியா தண்ணீரை இழுத்து, அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கும். அதனால மூணு நாள் வரைக்கும்கூட மேலே வராம தண்ணிக்குள்ளயே இருக்க முடியும். ஆனா அதுக்குத் தண்ணி ஓடணும், ஆக்சிஜன் இருக்கணும். தேங்கி நிக்கிற ஆழமான தண்ணி அதுக்கு ஆகாது.

ரெண்டாவது விஷயம், முட்டையிடற வயசுக்கு வரவே சுமார் 25 வருஷம் ஆகும். இப்ப நீங்க யோசிங்க. இன்னைக்கு எல்லா முட்டையும் அழிஞ்சாலும், ஆத்துல பெரிய ஆமைகள் நீந்திக்கிட்டேதான் இருக்கும். பார்க்கிறவங்க 'ஆமைதான் நிறைய இருக்கே'ன்னு சொல்வாங்க. இருபது வருஷம் கழிச்சு திடீர்னு காலி ஆகும். அதனால பெரிய ஆமையை எண்ணினா போதாது. கரையில எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு தண்ணிக்குப் போச்சுன்னு வருஷா வருஷம் எண்ணணும்.

அந்த வேலையை யார் செஞ்சாங்க? டியாரோன்னு ஒரு சின்ன ஊர். அங்கே லேண்ட்கேர்னு நிலம், ஆறு பாதுகாக்கிற உள்ளூர்க் குழு இருக்கு. 2001-ல இருந்து அவங்க ஆமைக் கூடுகளைப் பாதுகாக்க ஆரம்பிச்சாங்க. முட்டையிடற மணல் திட்டுகளுக்குப் போய், கூட்டைக் கண்டுபிடிச்சு, நரியும் நாயும் உடும்பும் தோண்டாம இருக்க மேலே வலை போட்டு, குறிப்பு எழுதி வச்சாங்க. மாடு மிதிக்காம இருக்க வேலி போட்டாங்க. காசுக்கு? ஆமை வடிவத்துல சாக்லேட் வித்தாங்க. நான் சொல்றது நிஜம். சாக்லேட் ஆமை வித்த காசுல ஆராய்ச்சிக்கு உதவி பண்ணினாங்க.

ஆமையோட நிக்கல. மேரி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க விவசாயிகளையும் பழங்குடியினரையும் உள்ளாட்சிகளையும் சேர்த்து வேலை நடந்துச்சு. கரையில மரம் வெட்டினதால மண் சரிஞ்ச இடத்துல திரும்ப மரம் நட்டாங்க. மாடு தண்ணி குடிக்க ஆத்துக்குள்ள இறங்காம இருக்க, மேலேயே தொட்டி வச்சுக் கொடுத்தாங்க. மேலே கரை சரிஞ்சா கீழே மணல் திட்டு சேறாகும், சேறானா முட்டை பொரிக்காது. ஆமையைக் காப்பாத்தணும்னா ஆற்றை முழுசாப் பார்க்கணும்னு அந்த விவசாயிகளுக்குப் புரிஞ்சிருந்துச்சு.

இப்படி அஞ்சு வருஷம் ஓடுச்சு. 2006 ஏப்ரல். கடும் வறட்சி. பிரிஸ்பேனுக்குத் தண்ணித் தட்டுப்பாடு. அப்ப மாநில முதல்வர் பீட்டர் பீட்டி ஒரு அறிவிப்பு கொடுத்தார்: மேரி ஆத்துக்குக் குறுக்கே, கிம்பி என்ற ஊருக்கு மேல, டிராவெஸ்டன் கிராசிங்ல அணை.

நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். அணைன்னாலே கெட்டதுன்னு பேசற ஆள் நான் இல்ல. மேட்டூர் அணை இல்லாம டெல்டா கிடையாதுன்னு எனக்கும் தெரியும். அதனால கணக்கைப் பார்ப்போம். அந்த அணையோட முதல் கட்டக் கொள்ளளவு 1,53,000 மெகாலிட்டர். நம்ம பாஷையில சுமார் 5.4 டி.எம்.சி. மேட்டூர் 93.47 டி.எம்.சி. வித்தியாசம் பாருங்க. அந்த இடம் சமவெளி மாதிரி, ஆழம் குறைவு, பரப்பு அதிகம். வெயில்ல ஆவியாகிற தண்ணியும் அதிகம், மூழ்கிற நல்ல விவசாய நிலமும் அதிகம். இது தண்ணிக்கு நல்ல இடம்தானான்னு அங்கே இருந்தவங்க அன்னைக்கே கேட்டாங்க.

அரசு என்ன பண்ணுச்சு? நிலத்தை வாங்க ஆரம்பிச்சுது. நூற்றுக்கணக்கான குடும்பங்களோட சொத்து. சில பேர் பயந்து வித்தாங்க, சில பேர் கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடல. கண்டங்கா என்ற ஊர்ல போராட்டத்துக்குத் தகவல் மையம் வச்சாங்க. 'மரே ஆத்துக்குப் பண்ணினதை மேரிக்குப் பண்ணாதே'ன்னு வண்டிக்கு வண்டி ஸ்டிக்கர். மரே ஆறு அளவுக்கு மீறித் தண்ணி எடுத்து நாசமான ஆறு. ரெண்டே ரெண்டு பேர்ல மொத்த அரசியலையும் சொல்லிட்டாங்க பாருங்க, அதுதான் கோஷம். கப்பி கப்பி பழங்குடி மக்களும் எதிர்த்தாங்க. அந்த ஆத்துல இருக்கிற நுரையீரல் மீன் அவங்களுக்குப் புனிதமானது. டைனோசர் காலத்துல இருந்து வாழ்ற மீன் இனம் அது.

2007-ல நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரணை நடத்துச்சு. 2009 அக்டோபர்ல மாநில அரசின் அதிகாரி நிபந்தனைகளோட அனுமதி கொடுக்கலாம்னு சொல்லிட்டார். ஆமைக்குச் சரிவுப் பாதை, மீனுக்கு ஏணி எல்லாம் கட்டித் தர்றோம்னு சொன்னாங்க. கடைசி முடிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் கையில. ஏன்னா அங்கே 1999-ல போட்ட ஒரு சட்டம் இருக்கு. அழியும் நிலையில இருக்கிற உயிரினத்தைப் பாதிக்கிற திட்டம்னா, மாநிலம் ஓகே சொன்னாலும் மத்திய அமைச்சரும் ஓகே சொல்லணும்.

இப்ப கவனிங்க. மத்திய அமைச்சர் பீட்டர் காரெட். எந்தக் கட்சி? லேபர் கட்சி. மாநிலத்துல பீட்டிக்கு அப்புறம் வந்த முதல்வர் அன்னா பிளை. எந்தக் கட்சி? அதே லேபர் கட்சி.

சொந்தக் கட்சி அரசின் திட்டம். நிலம் வாங்கப் பணம் கொட்டியாச்சு. முதல்வர் கௌரவப் பிரச்சினையா எடுத்துக்கிட்டாங்க. இந்த நிலையில ஒரு அமைச்சர் என்ன செய்வார்னு நமக்குத் தெரியும்.

2009 நவம்பர் 11 அன்னைக்கு காரெட் 'முடியாது'ன்னு சொன்னார். டிசம்பர்ல அதை உறுதி பண்ணினார். நுரையீரல் மீன், மேரி ஆற்று ஆமை, மேரி ஆற்று காட் மீன், இந்த மூணுக்கும் திரும்பச் சரிசெய்ய முடியாத பாதிப்பு வரும்னு காரணம் சொன்னார். அணை நின்னு போச்சு. மாநில அரசு வாங்கின நிலத்தைப் பிறகு வித்துச்சு. வித்துட்டுப் போன எத்தனையோ குடும்பங்க திரும்பி வரல, அந்த நஷ்டத்தை யாரும் ஈடு கட்டல. ஆனா ஆறு ஓடுது.

அவர் ஏன் அப்படிச் சொல்ல முடிஞ்சுது? அவர் நல்லவரா, தைரியசாலியான்னு நாம விவாதம் பண்ண வேண்டாம். என்னோட கேள்வி வேற. அவர் மேஜையில ஆமையைப் பத்தி ஒரு தகவலும் இல்லாம இருந்திருந்தா? 1994-க்கு முன்னாடி மாதிரி அது பெயர் இல்லாத ஆமையா இருந்திருந்தா? ஒரு அமைச்சர் நினைச்சாலும் சட்டப்படி மறுக்க முடியாது. மறுத்தா மறுநாளே கோர்ட்ல நிக்காது.

அந்த ஊர்க்காரங்க அணை வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கூடு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அணையை எதிர்க்கணும்னு எண்ணல, ஆறு மேல அக்கறை இருந்துச்சு, எண்ணினாங்க. சண்டை வந்தப்ப, ஆமை எங்கே முட்டையிடுது, அதுக்கு என்ன வேணும்னு பேசறதுக்கு அவங்க கிட்ட விஷயம் இருந்துச்சு. சண்டை வந்த பிறகு எண்ண ஆரம்பிச்சிருந்தா, 25 வருஷத்துல பருவத்துக்கு வர்ற ஆமையைப் பத்தி மூணு வருஷத்துல என்ன கத்துக்க முடியும்?

தோழர்களே, இதை ஏன் கட்சி மேடையில சொல்றேன்? ஆட்சியில யார் இருந்தாலும், அது நாமளாவே இருந்தாலும், ஒரு தப்பான திட்டம் வரலாம். அன்னைக்கு நம்ம எம்.எல்.ஏ., நம்ம அமைச்சர் கிட்டப் போய் 'அண்ணே, இது வேண்டாம்'னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. ஆனா வெறும் கையோட போனா அவர் என்ன பண்ணுவார்? 'பார்க்கலாம் தம்பி'ன்னு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவார். பத்து வருஷக் குறிப்போட போனா, நமக்காகப் பேச அவருக்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும். கட்சிக்கு விசுவாசமா இருக்கிறதுன்னா, நம்ம ஆட்களை நல்ல முடிவு எடுக்க வைக்கிறதும் அதுல சேர்த்திதான்.

நம்ம காவிரிக்கு வருவோம். 2022 நவம்பர்ல கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள்ல சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பை காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமா தமிழ்நாடு அரசு அறிவிச்சுது. அங்கே பாதுகாக்க வேண்டிய உயிர்கள்ல ஒண்ணு லெய்த் மென்னோட்டு ஆமை. தென்னிந்திய ஆறுகள்ல வாழ்றது, அழிவின் விளிம்புல இருக்கிறது. அதே 2022-ல பனாமாவுல நடந்த சைட்டீஸ் மாநாட்டுல அதோட சர்வதேச வியாபாரத்துக்கு உச்சபட்சத் தடை வந்துச்சு. சட்டம் இருக்கு, சரணாலயம் இருக்கு. சரணாலய எல்லையைத் தாண்டி வர்ற ஆத்துல, நம்ம ஊர்ப் படித்துறையில, நம்ம மணல் திட்டுல என்ன இருக்குன்னு எழுதி வச்சிருக்கிறது யாரு?

அதனால ஒவ்வொரு ஆற்றோர ஒன்றியத்துக்கும் நான் கேட்கிற வேலை இதுதான்.

1. ஒரு நோட்டு போடுங்க. மாசம் ஒரு நாள், ஒரே இடம். தண்ணி மட்டம், மணல் திட்டு, கண்ணுல பட்ட ஆமை, நீர்நாய், செத்த மீன், எல்லாத்தையும் தேதியோட எழுதுங்க. போட்டோவுல தேதி தெரியணும்.

2. மீன் பிடிக்கிற அண்ணன்களையும் மாடு மேய்க்கிற பெரியவங்களையும் கூட வச்சுக்கங்க. ஆமை எங்கே ஏறும், எப்ப ஏறும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க சொல்றதை அவங்க வார்த்தையிலயே எழுதுங்க.

3. ஆமைக் கூட்டையோ முட்டையையோ பார்த்தா தொடாதீங்க. வனத்துறைக்குச் சொல்லுங்க. காட்டுக்குள்ள அனுமதி இல்லாமப் போகாதீங்க.

4. இது ஐ.டி. விங்குக்கு. கூடு இருக்கிற இடத்தோட லொக்கேஷனை எந்த குரூப்லயும் போடாதீங்க. ரீல்ஸ் வேண்டாம். நமக்கு லைக் வரும், மறுநாள் திருடன் வருவான். நோட்டை ஸ்கேன் பண்ணி மாவட்ட அலுவலகத்துல பத்திரமா வைங்க.

ஒரு டிரெண்டிங் ரெண்டு மணி நேரம் நிக்கும். டியாரோவுல எழுதி வச்ச கணக்கு ஒரு ஆற்றையே நிறுத்தி வச்சிருக்கு. நாமளும் எதிராளிக்குப் பதில் போடற நேரத்துல மாசம் ஒரு நாளை ஆத்துக்குக் கொடுப்போம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எந்தெந்த ஒன்றியம் முதல் பக்கத்தை எழுதப் போகுதுன்னு கமெண்ட்ல பதிவு பண்ணுங்க.

ஆறு நம் உரிமை! ஆற்றைக் காப்பது நம் கடமை!



#ஆற்றுநோட்டு #ஆறுநம்உரிமை