எந்தப் பாத்திரத்துக்கு எந்தப் பொடி?

(காபி அரைக்கும் மெஷின் வாங்குவது பற்றி, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்புக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது)



காபிப்பொடி தொழில் செய்ய மூன்று குழுக்கள் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கிறதாகத் தலைவி அக்கா சொன்னாங்க. "நீ ஏற்கனவே சூடு பட்டவ, நீயே வந்து பேசு"ன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அதனால் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நம்ம கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் காபி விளைகிறது. பழம் பறிக்கப் போவது நாம்தான். ஆனால் பொடியை மட்டும் வத்தலக்குண்டு கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். கொட்டையை நாமே வறுத்து அரைத்து வித்தால் என்ன என்று எங்கள் குழுவுக்கும் ஆசை வந்தது. 12 பேரும் தீர்மானம் போட்டு, 40,000 ரூபாய் கடன் எடுத்து மெஷின் வாங்கினோம். விற்றவர், "மிளகாய், மல்லி, காபி எல்லாம் இதிலேயே அரைக்கலாம்" என்றார். ஒரே மெஷினில் மூன்று தொழில் என்று எங்களுக்கும் சந்தோஷம்.

முதல் வாரம் 10 கிலோ விற்றது. அடுத்த வாரம் பாதி திரும்பி வந்துவிட்டது. ஒரு டீச்சரம்மா, "ராத்திரி பில்டர்ல போட்டேன், காலையில பார்த்தா மேல் தட்டுல தண்ணி அப்படியே நிக்குது" என்றார். இன்னொரு வீட்டில், "காபியில மிளகாய் நெடி அடிக்குது" என்றார்கள். கொட்டையும் நல்ல கொட்டைதான், வறுவலும் சரிதான். தப்பு அரைவையில் நடந்தது. நாங்கள் வாங்கியது சுத்தியல் மாதிரி அடித்து நொறுக்குகிற மசாலா மெஷின். அதில் காபி மாவாகிவிட்டது. ஐந்து மாதத் தவணையைக் கைக்காசில் கட்டினோம். எங்கள் குழுவில் ஒரு அக்கா, மகள் படிப்புக்கு எடுத்து வைத்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. அந்த முகம் எனக்கு இன்னைக்கும் மறக்கலை.

அதிலிருந்து படித்த பாடம் ஒன்றுதான். மெஷினைப் பார்க்கும் முன் பாத்திரத்தைப் பாருங்கள். வாங்குகிறவர் எதில் காபி போடுகிறார் என்று கேளுங்கள். தண்ணீரும் பொடியும் எவ்வளவு நேரம் சேர்ந்து இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி அரைக்க வேண்டும். அதிக நேரம் ஊறினால் பொடி பெரிதாக இருக்கணும். சீக்கிரம் இறங்கிப் போனால் நைஸாக இருக்கணும். நைஸான பொடி அதிக நேரம் ஊறினால் கசக்கும். பெரிய பொடியில் தண்ணீர் சட்டென்று இறங்கினால் சப்பென்று இருக்கும்.

நம் வீட்டு பில்டருக்குத் தூள் உப்பு பதம் சரி. மாவு மாதிரி அரைத்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். சிக்கரி தண்ணீரை இழுத்து உப்பும். அதனால் சிக்கரி கலந்த பொடியைக் கொஞ்சம் பெரிதாக அரைக்கலாம். சிக்கரியைத் தனிப் பொடியாக வாங்கி, அரைத்த பிறகு கலக்குங்கள். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எவ்வளவு என்று பாக்கெட்டிலும் போட வேண்டும்.

கிராமத்தில் கொதிக்கிற தண்ணீரில் பொடியைப் போட்டு, தெளிய வைத்துத் துணியில் வடிக்கிறோமே, அதற்கு வெள்ளை ரவை பதம். அப்போதுதான் மண்டி அடியில் தங்கும்.

கொடைக்கானலுக்கு வருகிற டவுன்காரர்கள் வேறு வேறு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் பொடியை ஊறவைத்து மேலிருந்து அழுத்துவது பிரெஞ்சு பிரஸ். நாலு நிமிஷம் ஊறும், அதனால் சம்பா ரவை மாதிரி பெரிதாக வேண்டும். காகித வடிகட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு வெள்ளை ரவை பதம். அடுப்பில் வைக்கிற மோக்கா பாட்டுக்கு பில்டர் பொடி பதமே ஏறக்குறைய போதும். எஸ்பிரஸோ மெஷினில் 25, 30 வினாடியில் காபி இறங்கிவிடும். அதற்கு மிக நைஸாக, ஒரே சீராக அரைக்கிற தனி மெஷின் வேண்டும். நாம் அந்த ஆர்டரை எடுக்க வேண்டாம். "கொட்டையாகவே வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிடலாம்.

இப்போது மெஷினுக்கு வருவோம்.

மிக்ஸி வெட்டும், அரைக்காது. ஒரு பக்கம் தூசி, ஒரு பக்கம் நொய் என்று வரும். ஓடவிட்டால் சூடாகி வாசனை போகும். வீட்டுச் செலவுக்குத் தாராளமாகப் போதும். சின்ன ஜாரில் பாதி அளவு போட்டு, மூணு நாலு வினாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கித் திரும்ப ஓட்டுங்கள். சலித்து, நொய்யை மறுபடி போடுங்கள். விற்பனைக்கு இது ஆகாது.

மேஜை ஓரத்தில் திருகி மாட்டும் கைப்பிடி மெஷின் பாட்டி காலத்தில் பல வீட்டில் இருந்தது. உள்ளே பல் வைத்த இரண்டு இரும்பு, நடுவில் இடைவெளி. திருகாணியை இறுக்கினால் நைஸ், தளர்த்தினால் பெரிசு. கரண்ட் வேண்டாம், சூடாகாது. ஆனால் கிலோக் கணக்கில் அரைத்தால் தோள்பட்டை போய்விடும்.

கடையில் ஓடுவது பல் தட்டு மெஷின். இரண்டு தட்டு எதிரெதிராக இருக்கும், ஒன்று சுற்றும். இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம். விற்பனை செய்கிற குழுவுக்கு இதுதான் சரி.

வாங்கப் போகும்போது கேட்டலாக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வறுத்த கொட்டை அரைக் கிலோ, ஒரு பில்டர், ஒரு சல்லடை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் எதிரிலேயே மூன்று பதத்தில் அரைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில் பரப்பி, விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி கையைச் சுட்டால் மெஷின் சரியில்லை. அங்கேயே டிகாஷன் போட்டு இறங்குகிறதா என்று பாருங்கள். பல் தட்டு மழுங்கினால் மாற்றுத் தட்டு எங்கே கிடைக்கும், நம் வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டில் ஓடுமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் வாய் வார்த்தையை நம்பினோம்.

வாங்கிய பிறகு காபியைத் தவிர வேறு எதையும் அதில் போடாதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய பொடியின் எண்ணெய் தங்கினால் சிக்கு வாடை வரும். பொடியாக்கினால் வாசனை சீக்கிரம் போய்விடும். அதனால் ஆர்டர் வந்த பிறகு அரையுங்கள்.

எங்கள் கதை என்னாச்சு என்று கேட்பீர்கள். பழைய மெஷினை விற்கவில்லை. அதில் இப்போது மிளகாய், மல்லி மட்டும் அரைக்கிறோம். உள்கடனில் சின்னதாக ஒரு பல் தட்டு மெஷின் வாங்கினோம். முதல் பொடியை அந்த டீச்சரம்மா வீட்டுக்கே கொண்டுபோய், அவங்க பில்டரிலேயே போட்டுக் காட்டினேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாய் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பெரிய கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி.

மனு கொடுத்த மூன்று குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். தீர்மானம் எழுதுவதற்கு முன் உங்கள் ஊரில் 20 வீடு ஏறி, "எதில் காபி போடுறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. அந்த நோட்டைப் பார்த்து மெஷினை முடிவு செய்வோம். கடைக்கு நானும் கூட வருகிறேன்.